தாய்லாந்தில் எந்தத் தீவில் ஸ்கூபா? முதலில் காலண்டரை எடுங்கள்

தாய்லாந்துக்கு டிக்கெட் போட்டவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி: ஸ்கூபா டைவிங்குக்கு, அதாவது முதுகில் காற்று உருளையைச் சுமந்துகொண்டு கடலில் முங்குவதற்கு, எந்தத் தீவு நல்லது? விசாரிக்க விசாரிக்கக் குழப்பம்தான் கூடும். கோ தாவில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது என்பார் ஒருவர். அதே கோ தாவில் கையை நீட்டினால் விரல் தெரியவில்லை என்பார் இன்னொருவர். சிமிலன் தீவுகளைப் போல உண்டா என்று படித்துவிட்டு ஜூலையில் போய் இறங்கினால் தேசியப் பூங்காவே மூடிக் கிடக்கும். புக்கெட்டில் காலையில் இரண்டு முறை முங்கிவிட்டு இரவு விமானம் ஏறலாமா என்று கேட்டால் பயிற்றுநர் முகம் மாறும்.

இவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கொரு மாதத்தில் போயிருக்கிறார்கள், அவ்வளவுதான். தீவை முதலில் முடிவு செய்துவிட்டு, அப்புறம் கடல் எப்படி இருக்கும் என்று பார்ப்பதால் வரும் வினை இது. போகும் மாதம், கையில் இருக்கும் டைவிங் அட்டை (பயிற்சி முடித்ததற்கான சான்று), திரும்பும் விமானத்தின் நேரம் ஆகிய மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டால், பெரும்பாலான தீவுகள் தாமாகவே பட்டியலிலிருந்து விழுந்துவிடும். மிச்சமிருப்பது ஒன்றோ இரண்டோதான். அது ஏன் என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

ஒரு நாடு, இரண்டு கடல்

தாய்லாந்தின் வரைபடத்தை யானைத் தலை என்பார்கள். தெற்கே நீண்டு இறங்குவது தும்பிக்கை. அந்தத் தும்பிக்கைக்கு மேற்கே அந்தமான் கடல், கிழக்கே தாய்லாந்து வளைகுடா. கிரா என்னும் இடத்தில் நிலம் 50 கிலோமீட்டர்கூட அகலமில்லை. இந்தக் கரையில் டீ குடித்துவிட்டுக் கிளம்பினால் அந்தக் கரையில் மதியச் சாப்பாடு. ஆனால் கடல்கள் இரண்டும் அடியோடு வேறு.

1. அந்தமான் பக்கம்: புக்கெட், பி பி தீவுகள், கோ லந்தா, கோ லிப்பே, சிமிலன், சுரின். ஆழ்கடல் இது. சில இடங்களில் 4,000 மீட்டருக்கும் கீழே போகிறது.

2. வளைகுடாப் பக்கம்: கோ சமுய், கோ பங்கன், கோ தாவ். இது ஒரு பெரிய தாம்பாளம். சராசரி ஆழம் 50 மீட்டர் அளவில்தான். மிக ஆழமான இடமே 80 மீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே.

'கோ' என்றால் தாய் மொழியில் தீவு. 'தாவ்' ஆமை. சிமிலன் என்ற பெயர் மலாய் மொழியில் ஒன்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, தீவுகள் ஒன்பது என்பதால்.

இனி காற்று. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, நம் மீனவர்கள் சொல்லும் சோளகம், அந்தமான் கரையில் நேராக மோதுகிறது. தும்பிக்கையின் நடுவே ஓடும் மலைத்தொடர் அதைத் தடுப்பதால் கிழக்குக் கரை ஓரளவு தப்பிவிடும். ஜூனில் கேரளத்தில் மழை கொட்டும்போது மலைக்கு இந்தப் பக்கம் தூத்துக்குடி காய்கிறதே, அதே கணக்கு. அக்டோபருக்குப் பிறகு காற்று திரும்பி வாடையாக வீசத் தொடங்கியதும் நிலைமை தலைகீழ். சென்னையில் மழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை விடும் நவம்பர்தான் கோ சமுயிலும் ஆண்டிலேயே அதிகம் மழை பெய்யும் மாதம். ஐப்பசி அடைமழை வங்காள விரிகுடாவைத் தாண்டியும் உண்டு.

இந்தக் காற்றுக் கணக்கு நம்மவர்களுக்குப் புதிதல்ல. சிமிலனுக்குப் படகேறும் காவ் லக் கடற்கரை இருக்கும் அதே தகுவா பா வட்டாரத்தில் 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. அவனிநாரணம் என்ற குளம் வெட்டப்பட்டதையும், அது மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுவின் பாதுகாப்பில் விடப்பட்டதையும் அது சொல்கிறது. பாய்மரக் கப்பலில் அங்கே போனவர்கள் ஊரை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டுக் காற்றை அப்புறம் பார்த்திருக்க முடியாது.

எப்படியும் நனையத்தானே போகிறோம்?

மழையில் முங்கினால் என்ன குறைந்துவிடும் என்று தோன்றலாம். மேலே பெய்யும் மழை உண்மையிலேயே பிரச்சினை இல்லை. காற்றுதான் பிரச்சினை, அது மூன்று வழியில் வருகிறது.

1. படகு. நல்ல டைவிங் இடங்கள் கரையிலிருந்து தள்ளி இருக்கின்றன. சிமிலன் 60 கிலோமீட்டருக்கும் அப்பால். அலை இரண்டு மீட்டர் எழும்போது ஸ்பீடு போட்டில் ஒன்றரை மணி நேரம் போவது இடுப்புக்கும் வயிற்றுக்கும் தண்டனை. ஆபத்தும் சும்மா சொல்வதில்லை. 2018 ஜூலை 5 அன்று புக்கெட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த சுற்றுலாப் படகு ஒன்று திடீர்ப் புயலில் கவிழ்ந்து 47 பேர் இறந்தார்கள். அது சோளகக் காலம்.

2. தெளிவு. இதற்குத் தனியாகவே வருகிறேன்.

3. பூட்டு. சிமிலன், சுரின் தேசியப் பூங்காக்களை ஆண்டுதோறும் மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடிவிடுகிறார்கள். அக்டோபர் 15-ஐ ஒட்டித்தான் மறுபடி திறப்பு. சிமிலனில் 2018 முதல் ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று உச்சவரம்பும் உண்டு. தீவில் இரவு தங்கவும் அனுமதியில்லை. 'சிமிலன் தீவில் கூடாரம் போட்டுத் தங்கினோம்' என்று யாராவது எழுதியிருந்தால் அது பழைய கதை.

விதிவிலக்கும் இருக்கிறது. புக்கெட்டுக்குத் தெற்கே ராச்சா யாய் என்ற சிறு தீவு. அதன் கிழக்குப் பக்க விரிகுடாக்களைத் தீவே மறைத்துக்கொள்வதால், சோளகக் காலத்திலும் பல நாள் அங்கே முங்க முடியும். ஜூலையில் வேறு வேலையாகப் புக்கெட் போய் மாட்டிக்கொண்டவர்களுக்கு அதுதான் கதி. மோசமான இடமில்லை, ஆனால் அதற்காகவே டிக்கெட் போட்டுப் போகவேண்டிய இடமும் இல்லை.

தெளிவு என்றால் என்ன?

டைவிங் கடைப் பலகைகளில் 'விசிபிலிட்டி 25 மீட்டர்' என்று எழுதியிருக்கும். தண்ணீருக்குள் பக்கவாட்டில் எவ்வளவு தூரம் பார்க்க முடிகிறது என்பதன் அளவு அது. மீனவர்கள் தெளிவு என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். அந்தமான் பக்கம் நல்ல பருவத்தில் 20 முதல் 30 மீட்டர் சாதாரணம். வளைகுடாவில் 10 முதல் 20 கிடைத்தால் நல்ல நாள். காரணம் எளிது. ஆழமில்லாத கடலில் அலை அடி மணலைக் கிளறும், ஆறுகள் சேறு கொண்டுவரும், மிதவை நுண்ணுயிர்கள் பெருகித் தண்ணீரைப் பச்சையாக்கும்.

பச்சைத் தண்ணீரை உடனே ஒதுக்கிவிட வேண்டாம். உலகின் மிகப் பெரிய மீனான திமிங்கலச் சுறா தின்பது அந்த நுண்ணுயிர்களைத்தான். கோ தாவ் பக்கத்தில் அது தலைகாட்டும் நாள்களில் தண்ணீர் பெரும்பாலும் கண்ணாடியாக இருக்காது. தெளிவும் திமிங்கலச் சுறாவும் ஒரே நாளில் கிடைப்பது அதிர்ஷ்டம், அதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. தருகிறேன் என்று சொல்லும் கடையை விட்டுத் தள்ளியிருங்கள்.

சிமிலனில் வேறொரு வினோதம் உண்டு. 28, 29 டிகிரித் தண்ணீரில் சுகமாக இறங்கிக்கொண்டிருப்பீர்கள். ஓர் ஆழத்தில் கண்ணாடிக்கு முன்னால் தண்ணீர் நெளிய ஆரம்பிக்கும், வெந்நீரில் சர்க்கரைப் பாகு கரைவதைப் போல. அடுத்த நொடி கழுத்துவழி குளிர் இறங்கும். தண்ணீர் பச்சையாகிவிடும், கூட வந்தவர் நிழலாகிவிடுவார். அந்தமான் கடலின் ஆழத்தில் உள்அலைகள் என்று சில உருள்கின்றன. சூடான மேல்நீருக்கும் குளிர்ந்த அடிநீருக்கும் இடைப்பட்ட எல்லையில் ஓடும் அலை அது. மேலே நின்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. கீழே தீவின் மேற்குச் சரிவில் மோதும்போது குளிர்நீரை மேலே தள்ளிவிடும். நமக்குத் தொந்தரவு, பவளத்துக்கு நல்லது. 2010-இல் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்துச் செத்தபோது, இந்தக் குளிர்நீர் வந்துபோகும் பக்கத்தில் சேதம் குறைவாக இருந்தது.

அட்டை எதற்கு, ஆழம் எவ்வளவு?

யார் எவ்வளவு ஆழம் போகலாம் என்பதற்குப் படிநிலை இருக்கிறது. பாடி (PADI), எஸ்எஸ்ஐ (SSI) என்று அட்டை கொடுக்கும் அமைப்புகள் பல. எதில் வாங்கினாலும் மற்ற இடங்களில் செல்லும். அதில் மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை.

1. அட்டையே இல்லை: பயிற்றுநர் கூடவே இருக்க, அதிகபட்சம் 12 மீட்டர். 'ட்ரை டைவ்' என்பார்கள். நீச்சல் தெரியாதவர்களும் செய்யலாம்.

2. ஓப்பன் வாட்டர்: மூன்று நான்கு நாள் பயிற்சி, 18 மீட்டர். 200 மீட்டர் நீந்தவும் 10 நிமிடம் மிதக்கவும் தெரிந்திருக்க வேண்டும். குறைந்தபட்ச வயது 10.

3. அட்வான்ஸ்டு: இன்னும் இரண்டு மூன்று நாள், 30 மீட்டர்.

இந்த எண்களைக் கடைக்காரரின் கெடுபிடி என்று நினைப்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டால் புரியும். கடல் மட்டத்தில் நம்மேல் இருப்பது ஒரு வளிமண்டல அழுத்தம். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் இன்னொன்று கூடும். 10 மீட்டரில் இரண்டு மடங்கு, 30 மீட்டரில் நான்கு மடங்கு. மூச்சுக் காற்றும் அதே அளவில் அடர்ந்து வருவதால் உருளை அத்தனை மடங்கு வேகமாகக் காலியாகும்.

வழக்கமான 11 லிட்டர் உருளையை 200 பார் அழுத்தத்துக்கு நிரப்பியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம் (பார் என்பது அழுத்தத்தின் அலகு, ஒரு பார் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம்). 50 பாரை அவசரத்துக்கு ஒதுக்கினால் மிச்சம் 150. அதாவது 1,650 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவருக்கு 10 மீட்டர் ஆழத்தில் 40 நிமிடம் வரும். 30 மீட்டரில் 20 நிமிடம்தான். பதற்றத்தில் இருக்கும் புதியவர் 20 லிட்டரோடு நிறுத்தமாட்டார் என்பது வேறு விஷயம்.

நைட்ரஜன் கணக்கு இன்னொன்று. அழுத்தத்தில் சுவாசிக்கும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. சட்டென்று மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்ததைப் போல, குமிழியாக வெளியேறும். மூட்டு வலியில் தொடங்கிப் பக்கவாதம்வரை போகக்கூடிய அழுத்தநீக்க நோய் இதுதான். அதனால் ஒவ்வோர் ஆழத்துக்கும் நேர வரம்பு உண்டு. பரவலாகப் புழங்கும் பாடி அட்டவணைப்படி முதல் டைவுக்கு 12 மீட்டரில் 147 நிமிடம், 18 மீட்டரில் 56 நிமிடம், 30 மீட்டரில் வெறும் 20 நிமிடம். இப்போது கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டரே இதைக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். ஏறும் வழியில் 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கச் சொல்வதும் இதற்குத்தான்.

ஆகவே 'மிகச் சிறந்த டைவிங் இடம்' என்று படிப்பது பெரும்பாலும் 25, 30 மீட்டரில் இருக்கும் இடம். ஓப்பன் வாட்டர் அட்டைக்காரர் அங்கே போனாலும் அந்தப் பாறைத்திட்டின் தலையைத்தான் பார்த்துவிட்டு வருவார். (கடலடிப் பாறைத்திட்டை நம் கரையில் பார் என்பார்கள். டைவிங் கடைகளில் பினக்கிள்.)

எந்தப் பார் யாருக்கு?

கற்றுக்கொள்வதானால் கோ தாவ், அதில் எனக்குச் சந்தேகமில்லை. 21 சதுர கிலோமீட்டர் மட்டுமே உள்ள இந்தத் தீவு, உலகிலேயே அதிகம் பேர் டைவிங் அட்டை வாங்கும் இடங்களில் ஒன்று. கடைக்குக் கடை போட்டி இருப்பதால் விலை குறைவு. இடங்களும் படிப்படியாக அமைந்திருக்கின்றன. ஜப்பானியத் தோட்டம், ட்வின்ஸ் போன்ற ஆழமில்லாத இடங்களில் தொடங்கி, தண்ணீருக்கு மேல் தலைநீட்டி நிற்கும் செயில் ராக்குக்கு வரலாம். அதன் உள்ளே ஒரு செங்குத்துப் புழை உண்டு. 18 மீட்டரில் நுழைந்து மேலே வெளியேறலாம். அட்வான்ஸ்டு அட்டை வந்ததும் சும்போன் பினக்கிள். பாரின் உச்சியே 14, 15 மீட்டரில்தான் தொடங்கும், சுற்றிச் சீலா மீன் கூட்டம் சுவர் மாதிரி நிற்கும். 2011-இல் வேண்டுமென்றே மூழ்கடிக்கப்பட்ட சட்டாகுட் என்ற கடற்படைக் கப்பலும் 30 மீட்டர் அடியில் கிடக்கிறது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் கடற்படையிடம் இருந்த கப்பல் அது.

கோ தாவில் பயப்படவேண்டியது சுறாவுக்கு அல்ல, கிளாத்தி என்னும் மீனுக்கு. முட்டையிட்ட டைட்டன் கிளாத்தி அரை மீட்டருக்கு மேல் நீளமிருக்கும், பவளத்தையே கடித்து நொறுக்கும் பல். அது காவல் காக்கும் எல்லை கூம்பு வடிவில் மேல்நோக்கி விரிந்துகொண்டே போவதாகச் சொல்லித் தருவார்கள். துரத்தினால் பயந்து மேலே ஏறக்கூடாது, மேலே போகப் போக அதன் எல்லைக்குள்தான் இருப்பீர்கள். காலில் மாட்டிய துடுப்பை அதன் பக்கம் காட்டிக்கொண்டு பக்கவாட்டில் விலக வேண்டும்.

அட்டையும் பத்துப் பதினைந்து டைவ் பழக்கமும் இருந்தால் சிமிலன், சுரின் வரிசை. கருங்கல் தீவுகள். கிழக்குப் பக்கம் மெதுவாகச் சரியும் பவளத்தரை, மேற்குப் பக்கம் வீடளவு உருண்டைப் பாறைகள், அவற்றுக்கிடையே சந்துகள். வடக்கே கோ பொன்னில் மான்ட்டா என்னும் பெரிய திருக்கை வரும். இன்னும் வடக்கே, சுரின் பக்கம், ரிச்செலியூ ராக். குதிரை லாட வடிவப் பார், ஊதா நிற மென்பவளம் போர்த்தியது. கடல் குதிரையும் கணவாயும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் நடுவில் என்றால், திமிங்கலச் சுறா முதுகுக்குப் பின்னால் போய்விடும் வாய்ப்பும் உண்டு.

இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டும். காவ் லக்கிலிருந்து தினமும் போய்வருவதா, படகிலேயே தங்குவதா? 'லிவபோர்டு' என்னும் தங்கு படகில் நான்கு நாளில் 14, 15 முறை முங்கலாம். செலவு அதிகம், ஆனால் கோ பொன்னும் ரிச்செலியூவும் சேர்ந்து கிடைக்க வேறு நல்ல வழி இல்லை. இதன் மறுபக்கத்தை யாரும் சொல்வதில்லை: தீவு தீவாகச் சுற்றும் பயணத்தில் நான்கு நாள் இதற்கே போய்விடும், கடற்கரையில் கால் வைத்திருக்க மாட்டீர்கள். கூட வருபவர்கள் முங்காதவர்கள் என்றால் வீட்டில் சமாதானம் கெடும்.

அப்படிப்பட்ட குடும்பத்துக்குக் கோ லந்தா பொருத்தம். கரையில் இருப்பவர்களுக்கு அமைதியான கடற்கரை, முங்குபவர்களுக்குக் கோ ஹா. ஹா என்றால் ஐந்து, ஐந்து குட்டித் தீவுகள். ஓப்பன் வாட்டர் அட்டைக்கு அழகாக அமையும். ஹின் டேங், ஹின் முவாங் (செம்பாறை, ஊதாப்பாறை) இரண்டும் கடலின் நடுவே நிற்பவை, நீரோட்டம் இழுக்கும், பழகியவர்களுக்கு மட்டும்.

புக்கெட்டையும் பி பியையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விமான நிலையம் பக்கம், கடைகள் ஏராளம், கூட்டமும் ஏராளம். பி பியில் பிடா நொக், பிடா நாய் என்ற இரு பாறைத் தீவுகளில் கருநுனிச் சுறாக்களைப் பார்க்கலாம், ஆபத்தில்லாதவை. 1997 மே 4 அன்று கடலடிப் பாரில் மோதி மூழ்கிய கிங் குரூசர் என்ற கார் ஏற்றும் படகு புக்கெட்டுக்கும் பி பிக்கும் நடுவே கிடக்கிறது. பயணிகள் எல்லோரும் தப்பிவிட்டார்கள். படகு இப்போது இற்றுச் சரிந்துகொண்டிருப்பதால் உள்ளே நுழைவது கூடாது.

நீரோட்டம் பற்றி ஒரு குறிப்பு. அந்தமான் பக்கம் ஓதம், அதாவது கடல்மட்டம் ஏறி இறங்குவது, பெரிது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் உச்சத்தில் இருக்கும், ஓட்டமும் அப்படியே. அஷ்டமியும் அதைத் தொடரும் ஓரிரு நாளும் கடல் அடங்கியிருக்கும். நல்ல காரியத்துக்கு ஆகாது என்று வீட்டில் தள்ளிவைக்கும் அஷ்டமி நவமி, புதிதாக முங்குபவருக்கு நல்ல நாள்.

திரும்பும் விமானத்திலிருந்து பின்னோக்கி

பயணத் திட்டங்கள் பெரும்பாலும் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். முங்கி எழுந்த பிறகும் உடம்பில் நைட்ரஜன் மிச்சமிருக்கும், மெல்லத்தான் வெளியேறும். விமானத்துக்குள் அழுத்தம் தரையில் இருப்பதைப் போல இருப்பதில்லை, 2,400 மீட்டர் உயர மலை அளவுக்குக் குறையலாம். கடலில் வராத குமிழி அங்கே வரும். பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட இடைவெளி:

1. ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம்.

2. ஒரு நாளில் பலமுறை, அல்லது பல நாள் தொடர்ந்து முங்கியிருந்தால் குறைந்தது 18 மணி நேரம்.

3. நேர வரம்பைத் தாண்டி, ஏறும் வழியில் கட்டாயம் நிற்க வேண்டியிருந்தால் அதைவிடவும் நிறைய. 24 மணி நேரத்துக்குக் குறையவே கூடாது.

நடைமுறையில் கடைசி முழு நாளில் முங்கக்கூடாது என்று வைத்துக்கொண்டால் எல்லாம் அடங்கிவிடும். கோ தாவில் விமான நிலையமே இல்லை. படகில் கரையிலுள்ள சும்போன் நகருக்கு வந்து பேருந்திலோ ரயிலிலோ பாங்காக் போய்ச் சேர ஒரு நாள் தானாகவே கழிந்துவிடும். அதே கோ தாவிலிருந்து கோ சமுய் வந்து விமானம் ஏறுபவர்களும் புக்கெட்காரர்களும்தான் கவனமாக இருக்க வேண்டும். உள்நாட்டு விமானமும் விமானம்தான். புக்கெட்டில் முங்கிவிட்டு அடுத்த நாள் காலை சியாங் மாய் பறந்து, 2,565 மீட்டர் உயர தோய் இந்தனோன் மலையில் ஏறி நிற்கும் திட்டத்தை நிறைய 'பேக்கேஜ்'களில் பார்க்கலாம்.

இன்னொன்று, சளி. மூக்கடைப்போடு இறங்கினால் காதில் அழுத்தத்தைச் சமன்செய்ய முடியாது, செவிப்பறை போகும். ஆகவே டைவிங்கைப் பயணத்தின் முதல் பாதியில் வைத்தால், ஒரு நாள் உடம்பு சரியில்லாவிட்டாலும் மறுநாள் இருக்கிறது. ஆஸ்துமா, இதயக் கோளாறு, காது அறுவை சிகிச்சை இவை இருந்தால் ஊரிலேயே மருத்துவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கடையில் கொடுக்கும் படிவத்தில் 'ஆம்' என்று ஒரு குறி விழுந்தாலும் மருத்துவச் சான்று கேட்கக்கூடும். அங்கே போய்க் குறியை மாற்றிப் போடுபவர்களும் இருக்கிறார்கள், ஏமாறுவது யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பயணக் காப்பீடு ஸ்கூபாவைச் சேர்த்திருக்கிறதா, எத்தனை மீட்டர்வரை என்பதையும் பாருங்கள்.

நம் விடுமுறைகளுக்குப் பொருத்தினால்

அரையாண்டு விடுமுறை, பொங்கல். அந்தமான் பக்கம், யோசிக்கவே வேண்டாம். அட்டை இருந்தால் சிமிலன், குடும்பத்தோடு என்றால் கோ லந்தா. கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும், அதைத் தவிர்க்க வழியில்லை. வளைகுடாவில் வாடை இன்னும் முழுதாக ஓயாத நேரம்.

பிப்ரவரி, மார்ச். விடுப்பு எடுக்க முடிந்தவர்களுக்கு ஆண்டின் பொற்காலம். இரண்டு கடலும் திறந்திருக்கும். கோ தாவில் அட்டை வாங்கிக்கொண்டு, சாலை வழியாக மேற்குக் கரைக்கு வந்து சிமிலனில் அதைப் பயன்படுத்தலாம்.

கோடை விடுமுறை. மே நடுவரை இரண்டு பக்கமும் உண்டு, அதன் பிறகு வளைகுடா மட்டும். ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்க்ரான், அவர்களுடைய புத்தாண்டு. நம் சித்திரைப் பிறப்பும் அதே சூரியக் கணக்குதான். நாடே ஊருக்குக் கிளம்பும், படகிலும் பேருந்திலும் இடம் இருக்காது. அந்த மூன்று நாளில் தீவு மாறாமல் ஒரே இடத்தில் இருந்துகொள்ளுங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை கோ தாவ். புக்கெட் ஹோட்டல்கள் பாதி விலைக்குக் கிடைப்பதைப் பார்த்துச் சபலப்படுபவர்கள், அந்தப் பாதி விலை எதனால் என்பதை மேலே படித்துவிட்டீர்கள்.

தீபாவளி. இதுதான் இக்கட்டு. சிமிலன் திறந்திருக்கும், ஆனால் அக்டோபர் கடைசியில் கடல் இன்னும் முரண்டுபிடிக்கலாம். தீபாவளி நவம்பரில் வரும் ஆண்டென்றால் துணிந்து போகலாம். கோ தாவில் அந்த நாள்களில் படகு கிளம்புமா என்பதைக் காலையில் எழுந்து கடலைப் பார்த்துத்தான் சொல்வார்கள்.